அராபிய மக்கள் எழுச்சி: வேர்களும் விளைவுகளும்

வரலாற்றின் பெருநிகழ்ச்சிகள் பலவற்றிற்கும் ஒரு நாளும் ஓர் இடமும் தொடக்கமாகக் குறிக்கப்படுவது மரபு. பிரெஞ்சுப் புரட்சி என்றால் பாஸ்டில் சிறை நினைவுக்கு வருகின்றது. இரஷ்யப் புரட்சி என்றால் பெட்ரோகிராட் நகரில் ரொட்டிக்காக நின்ற பெண்களின் வரிசை நினைவுக்கு வருகின்றது. அவ்வாறே அராபிய நாடுகளைக் குலுக்கிய மக்கள் எழுச்சிக்கு 2010ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாளும், துனீசியாவின் உட்பகுதியில் அமைந்த சிதி பூசித் என்னும் சிற்றூரும் தொடக்கமாகக் குறிக்கப்படுகின்றன.

அன்று அவ்வூரில் தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்று வந்த முகம்மது புவாசீசி என்னும் இருபத்தாறு வயது இளைஞரின் சரக்கை நகராட்சிப் பணியாளர்கள் பறிமுதல் செய்தனர். முறையிடச் சென்ற இடத்தில் அவருடைய சொல்லைக் கேட்பார் இல்லை. ஆளுநர் அலுவலகத்தின் முன் அவர் தம்மேல் தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4ஆம் நாள் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. பத்தே நாள் கழித்து, இருபத்து மூன்று ஆண்டுகள் நாட்டை ஆண்ட அதிபர் பென் அலி விமானம் ஏறிச் சவூதி அரேபியாவுக்கு ஓடிப்போனார்.

அந்த இளைஞர் பல்கலைக்கழகப் பட்டதாரி என்னும் செய்தி அந்நாளில் உலகெங்கும் பரவியது. அது உண்மையன்று. குடும்பச் சுமையின் காரணமாகப் பள்ளிக் கல்வியையும் முடிக்க இயலாதவர் அவர். ஆயினும், பட்டம் பெற்றவன் தெருவில் வண்டி தள்ளினான் என்ற செய்தியைக் கேட்டு அந்நாட்டு மக்கள் ஒருவரும் வியக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அத்தகைய பட்டதாரிகளை அவர்கள் அன்றாடம் கண்டு வந்தனர். ஒரு பொய்ச் செய்தி அத்துணை எளிதாக நம்பப்பட்டதே நாட்டின் நிலையை உரைக்கும் சான்றாகும்.

ஒரு தனிமனிதரின் சாவு ஒரு நாட்டின் அரசைக் கவிழ்ப்பதில்லை. காய்ந்த காட்டில் விழுந்த பொறிதான் காட்டுத்தீயாகும். அந்தக் காடு காய்ந்தது எவ்வாறு, தீ எங்கெங்குப் பரவியது, எரிந்தபின் எஞ்சியது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவது இக்காலத்து உலகை அறிய விரும்புவார்க்கு இன்றியமையாததாகும்.

எழுதப்படாத உடன்படிக்கை

முதல் உலகப் போருக்குப் பின் உதுமானியப் பேரரசு சிதைந்தபோது, அதன் அராபியப் பகுதிகளைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்டன. சிரியாவும் லெபனானும் பிரான்சின் ஆட்சிக்கும், ஈராக்கும் பாலஸ்தீனமும் பிரிட்டனின் ஆட்சிக்கும் உட்பட்டன. அதற்கு முன்பே 1881இல் துனீசியா பிரான்சின் பிடியிலும், 1882இல் எகிப்து பிரிட்டனின் பிடியிலும், 1911 முதல் லிபியா இத்தாலியின் பிடியிலும் அகப்பட்டிருந்தன. எல்லைக்கோடுகள் பலவும் அங்கு வாழ்ந்த மக்களைக் கேளாமலே வரையப்பட்டன.

விடுதலை பெற்றபின் இந்நாடுகளில் பலவற்றைப் படைத் தலைவர்கள் கைப்பற்றினர். 1952இல் எகிப்தில் இளம் படை அதிகாரிகள் மன்னரை அரியணையிலிருந்து அகற்றினர். அவர்களுள் முதன்மை பெற்ற கமால் அப்துல் நாசர், பெருநிலக்கிழார்களின் நிலத்தைப் பகிர்ந்தளித்தார், கல்வியை இலவசமாக்கினார், பட்டம் பெற்றோர்க்கு அரசுப் பணி உறுதி என்று அறிவித்தார். சிரியா, ஈராக், அல்ஜீரியா, லிபியா ஆகியவற்றின் ஆட்சியாளரும் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றினர்.

இவ்வாட்சிகளுக்கும் மக்களுக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று இருந்தது. அரசு மலிவான ரொட்டி தரும், பள்ளியும் மருத்துவமனையும் தரும், வேலையும் தரும். அதற்கு மாறாக, மக்கள் தம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அவர்களை வினவும் உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். வயிறு நிறையும்வரை வாய் மூடியிருக்கும் என்பதே ஆட்சியாளர் கணக்கு.

மக்கள்தொகை பெருகியது; அரசின் கருவூலம் அவ்வளவு பெருகவில்லை. கடன் கொடுத்த பன்னாட்டு நிதியங்கள் மானியத்தைக் குறைக்குமாறு வற்புறுத்தின. 1977 ஜனவரியில் எகிப்து அரசு ரொட்டி முதலியவற்றின் விலையை உயர்த்தியபோது நகரங்கள் கொந்தளித்தன. அன்வர் சதாத் படையை இறக்கினார். விலையேற்றத்தையும் திரும்பப் பெற்றார். 1984 ஜனவரியில் துனீசியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1988 அக்டோபரில் அல்ஜீரியாவிலும், 1989 ஏப்ரலில் ஜோர்தானிலும் தெருக்கள் கொதித்தன. 2011இல் உலகம் வியந்து நோக்கிய எழுச்சி திடீரெனத் தோன்றியதன்று என்பதற்கு இவை சான்றாகும்.

குடியரசு என்னும் பெயரில் முடியரசு

இக்கலவரங்களிலிருந்து ஆட்சியாளர் ஒரு பாடம் கற்றனர். ரொட்டியின் விலையில் கை வைத்தல் ஆகாது. ஆனால் அரசின் தொழிற்சாலைகளையும் வங்கிகளையும் நிலங்களையும் விற்கலாம் என்பதே அப்பாடம். பொதுச் சொத்துத் தனியார்மயமானபோது அதனைப் பெற்றவர்களுள் ஆட்சியாளரின் உறவினரும் நண்பரும் முன்வரிசையில் நின்றனர். துனீசியாவில் அதிபர் மனைவியின் திராபெல்சி குடும்பத்தினர் வங்கி முதல் கார் இறக்குமதி வரை கைவைக்காத தொழிலே அரிதாயிற்று. சிரியாவில் அதிபரின் மாமன் மகனான ராமி மக்லூஃபின் கையில் நாட்டின் பெரிய கைப்பேசி நிறுவனம் இருந்தது. 2011இல் தெருவில் இறங்கிய மக்கள் அவர் பெயரைச் சொல்லிக் கண்டன முழக்கமிட்டதில் வியப்பில்லை.

செல்வத்தோடு பதவியும் குடும்பச் சொத்தாயிற்று. 2000ஆம் ஆண்டில் சிரிய அதிபர் ஹஃபீஸ் அல் அசாத் மறைந்தபோது அவர் மகன் பஷாருக்கு வயது 34. அதிபராவதற்கு 40 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் கூறியது. நாடாளுமன்றம் உடனே கூடி அவ்வயதை 34 எனத் திருத்தியது. எகிப்தில் முபாரக்கின் மகன் கமால், லிபியாவில் கடாபியின் மகன் சைஃப், ஏமனில் சாலேயின் மகன் அகமது ஆகியோரும் அடுத்த பட்டத்துக்கு உரியவராகவே கருதப்பட்டனர். குடியரசைக் குறிக்கும் ‘ஜும்ஹூரியா’ என்னும் சொல்லையும் முடியரசைக் குறிக்கும் ‘மலக்கியா’ என்னும் சொல்லையும் பிணைத்து ‘ஜும்லுக்கியா’ என்று ஒரு புதுச்சொல்லை எகிப்திய அறிஞர் சாத் எத்தின் இப்ராகிம் படைத்தார். அதற்காகவும் பிற எழுத்துகளுக்காகவும் சிறையையும் கண்டார். ஒரு மொழியில் எள்ளல் சொல் பிறக்கும்போது, ஆட்சியின்பால் இருந்த அச்சத்தின் கட்டு சற்றே தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எகிப்தில் 1981 முதல் முப்பது ஆண்டுகளும், சிரியாவில் 1963 முதல் நாற்பத்தெட்டு ஆண்டுகளும் நெருக்கடிநிலைச் சட்டம் இடையறாது நடைமுறையில் இருந்தது. வழக்கின்றிச் சிறையிடலாம், சிறையில் வதைக்கலாம், கேட்க நீதிமன்றம் இல்லை. 2010 ஜூனில் அலெக்சாந்திரியா நகரில் காலித் சயீத் என்னும் இளைஞர் காவலரால் அடித்துக் கொல்லப்பட்டார். சிதைந்த அவர் முகத்தின் படம் இணையத்தில் பரவியபோது, இன்று அவனுக்கு நேர்ந்தது நாளை தன் மகனுக்கும் நேரலாம் என்று ஒவ்வொரு வீடும் எண்ணியது.

இளைஞர், ரொட்டி, செய்தி

அராபிய மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களுள் வேலை தேடியோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தனர். கல்வி ஏறஏற வேலையின்மையும் ஏறியது இந்நாடுகளின் தனிச் சோகமாகும். வேலை இல்லையேல் வீடு இல்லை. வீடு இல்லையேல் திருமணம் இல்லை. முப்பதைக் கடந்தும் தந்தையின் கையை எதிர்பார்த்து வாழ்ந்த தலைமுறை ஒன்று அங்கே உருவாயிற்று.

நாட்டு வருமானம் உயராமலில்லை. துனீசியாவின் பொருளாதாரத்தைப் பன்னாட்டு நிதியங்கள் பாராட்டின. எகிப்தின் வளர்ச்சி சில ஆண்டுகளில் நூற்றுக்கு ஏழு விழுக்காட்டைத் தொட்டது. ஆனால் துனீசியாவில் அவ்வளர்ச்சியின் பயன் கடற்கரை நகரங்களோடு நின்றது. சிதி பூசித், கஸ்ஸரின், கஃப்சா போன்ற உள்நாட்டுப் பகுதிகள் வறண்டே கிடந்தன. கஃப்சாவின் பாஸ்பேட் சுரங்க ஊர்களில் 2008இல் வேலை கேட்டு எழுந்த போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. அரசு அதனைக் காவற்படையால் அடக்கியது. அதே ஆண்டில் எகிப்தின் மஹல்லா நகர் நெசவாலைத் தொழிலாளரும் போராடினர். புள்ளிவிவரம் காட்டிய வளத்தைக் கண்ட உலகம், இந்த ஊர்களின் குரலைக் கேட்கவில்லை.

இந்நிலையில் 2010 கோடையில் இரஷ்யாவைக் கடும் வறட்சி தாக்கிற்று. அந்நாடு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்நாளில் உலகிலேயே மிகுதியாகக் கோதுமை இறக்குமதி செய்த நாடு எகிப்து. உணவுப்பொருள்களின் உலக விலை 2011இன் தொடக்கத்தில் அதுவரை காணாத உயரத்தை எட்டியது. எகிப்தியரின் பேச்சுமொழியில் ரொட்டிக்கு ‘ஐஷ்’ என்று பெயர். அச்சொல்லுக்கு வாழ்வு என்பதே வேர்ப்பொருள். ரொட்டி, விடுதலை, சமூக நீதி என்னும் மூன்றையும் மக்கள் ஒரே முழக்கமாகக் கேட்டது அம்மொழிக்கு இயல்பாகவே அமைந்தது. சிரியாவின் வடகிழக்கிலும் 2006 முதல் தொடர்ந்த வறட்சியால் உழவர் குடும்பங்கள் நிலத்தை விட்டு நகரங்களின் புறச்சேரிகளில் குடியேறின.

எழுச்சியை இணையம் படைத்தது என்று அந்நாளில் பலரும் எழுதினர். அது மிகைக் கூற்றாகும். 1996இல் தொடங்கிய அல் ஜசீரா தொலைக்காட்சி, எழுத்தறியாதார் வீட்டிற்கும் செய்தியைக் கொண்டு சென்றது. இணையம் இளைஞரை ஒருங்கிணைத்தது. ஆனால் 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தபோது கூட்டம் குறையவில்லை, செய்தி அறிய விரும்பியோர் வீட்டை விட்டு வெளியே வந்தனர், கூட்டம் பெருகியது. முபாரக்கின் இறுதி நாள்களில் சூயஸ் கால்வாய்ப் பணியாளர் உட்பட்ட தொழிலாளரின் வேலைநிறுத்தமே அவர் ஆட்சிக்குப் பேரிடியாயிற்று.

ஒரே முழக்கம், பல முடிவுகள்

துனீசியாவில் பென் அலி வீழ்ந்த செய்தி பிற நாடுகளின் அச்சத்தை உடைத்தது. ஜனவரி 25இல் கெய்ரோவின் தஹ்ரிர் சதுக்கத்தில் மக்கள் திரண்டனர்; பதினெட்டே நாளில், பிப்ரவரி 11இல், முபாரக் பதவி விலகினார். பிப்ரவரி 14இல் பஹ்ரைனிலும், அதற்கு மறுநாள் லிபியாவின் பெங்காசியிலும், மார்ச்சில் சிரியாவின் தரா நகரிலும் மக்கள் எழுந்தனர். ஏமனில் அதற்கு முன்பே போராட்டம் தொடங்கியிருந்தது. மக்கள் ஆட்சியின் வீழ்ச்சியை விரும்புகின்றனர் என்னும் ஒரே முழக்கம் எல்லா நாடுகளிலும் ஒலித்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வாழ்ந்து 25 வயதிலேயே மறைந்த துனீசியக் கவிஞர் அபுல் காசிம் அல் ஷாபியின் கவிதை வரிகளை மக்கள் தெருக்களில் பாடினர்.

முழக்கம் ஒன்றாயினும் முடிவு ஒன்றாகவில்லை. அதன் காரணத்தை ஆராய்வார்க்கு மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவது, படையின் இயல்பு. துனீசியாவின் படை சிறியது. அரசியலுக்கும் வணிகத்துக்கும் அப்பால் வைக்கப்பட்டது. ஆகவே அதிபரைக் காக்கும் தேவை அதற்கு இல்லை. எகிப்தின் படையோ தொழிற்சாலைகளும் நிலங்களும் உடைய பெரும் நிறுவனம். அது அதிபரைக் கைவிட்டது. தன் ஆதிக்கத்தைக் கைவிடவில்லை. லிபியாவில் கடாபி தமக்கு எதிராகத் திரும்பிவிடும் என்றஞ்சிப் படையையே வலுவற்றதாக்கி, தம் மக்களின் கீழ்த் தனிப்படைகளை வைத்திருந்தார். எனவே நாடு பிளந்தபோது படையும் பிளந்தது. ஏமனிலும் தளபதிகள் இருபுறமும் பிரிந்தனர். சிரியாவில் படையின் முக்கியப் பதவிகளில் பலவற்றில் அதிபரின் அலவி இனத்தவர் இருந்தனர். ஆட்சி வீழ்ந்தால் தங்கள் இனமும் வீழும் என்று அவர்கள் அஞ்சுமாறு ஆட்சி செய்தது.

இரண்டாவது, எண்ணெய்ச் செல்வம். சவூதி அரேபிய மன்னர் அப்துல்லா 2011இல் ஏறத்தாழ 130 பில்லியன் டாலர் மதிப்புள்ள சம்பள உயர்வு, வீட்டுவசதி, வேலைத் திட்டங்களை அறிவித்தார். பழைய உடன்படிக்கையைப் புதுப்பிக்கப் பணம் உள்ளவர்கள் அதனைப் புதுப்பித்தனர். மொராக்கோ மன்னர் எண்ணெய் இல்லாத நிலையில் அரசியலமைப்பைத் திருத்தி, 2011 ஜூலையில் பொதுவாக்கெடுப்பு நடத்திப் புயலைக் கடந்தார்.

மூன்றாவது, அரசுக்கு வெளியே நிலைபெற்ற மக்கள் அமைப்புகள். துனீசியாவில் 1946இல் தோன்றிய பொதுத் தொழிற்சங்கம் நாடெங்கும் கிளை பரப்பியிருந்தது. 2013இல் இரு தலைவர்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டு நாடு கலவரத்தின் விளிம்பில் நின்றபோது, அச்சங்கமும் முதலாளிகள் சங்கமும் வழக்கறிஞர் கழகமும் மனித உரிமைக் கழகமும் ஒன்றுகூடிக் கட்சிகளைப் பேச்சு மேசைக்கு அழைத்து வந்தன. 2014 ஜனவரியில் புதிய அரசியலமைப்புச் சட்டம் பிறந்தது. அந்நான்கு அமைப்புகளுக்கும் 2015இல் அமைதிக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. லிபியாவிலோ கட்சி இல்லை, சங்கம் இல்லை, உண்மையான நாடாளுமன்றமும் இல்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒருவரே எல்லாமாக இருந்த நாட்டில், அவர் போனபின் குலமும் ஊரும் துப்பாக்கியுமே எஞ்சின.

எல்லை கடந்த விளைவுகள்

லிபியாவில் எழுச்சிக்குப் பழைய காயம் ஒன்று காரணமாயிற்று. 1996இல் அபு சலீம் சிறையில் ஏறத்தாழ 1,200 கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞரைக் கைது செய்ததே பெங்காசியில் தீயை மூட்டியது. 2011 மார்ச் 17இல் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் பொதுமக்களைக் காக்கும் நடவடிக்கைக்கு இசைவளித்தது. நேட்டோ விமானங்கள் குண்டு பொழிந்தன. அக்டோபர் 20இல் கடாபி கொல்லப்பட்டார். மக்களைக் காக்க அளித்த இசைவை ஆட்சியை மாற்றப் பயன்படுத்தினர் என்று இரஷ்யாவும் சீனாவும் குறை கூறின. அதன்பின் சிரியா பற்றிய தீர்மானங்களை அவை தடுத்து நிறுத்தின. ஒரு நாட்டில் காட்டிய அவசரம் மற்றொரு நாட்டின் மக்களுக்கு உதவி கிட்டாமல் போக ஒரு காரணமாயிற்று.

கடாபியின் படையில் பணிபுரிந்த துவாரெக் இனத்து வீரர்கள் படைக்கலங்களோடு மாலி நாட்டுக்குத் திரும்பினர். 2012 ஜனவரியில் அங்கே கிளர்ச்சி தொடங்கியது. மார்ச்சில் தலைநகரில் படைப்புரட்சி நிகழ்ந்தது. 2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படை இறங்கியது. சகாரா விளிம்பின் வறிய நாடுகள் பலவும் அன்று தொடங்கிய கொந்தளிப்பிலிருந்து மீளவில்லை. லிபியாவே 2014இல் இரண்டு அரசுகளாகப் பிரிந்தது. 2020இல் போர்நிறுத்தம் வந்தபோதும் பிரிவு நீங்கவில்லை. 2023 செப்டம்பரில் பெருமழையில் தெர்னா நகரின் இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர். பல ஆண்டுகளாகப் பழுது பார்க்கப்படாதவை அவ்வணைகள். அரசு சிதைந்தால் அணையும் சிதையும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

சிரியாவின் துன்பமே அனைத்திலும் பெரிது. தரா நகரில் பள்ளிச் சிறுவர் சிலர் சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதினர். அவர்கள் கைது செய்யப்பட்டு வதைக்கப்பட்டனர். பெற்றோர் நீதி கேட்டபோது துப்பாக்கி விடை கூறியது. அமைதிப் போராட்டம் உள்நாட்டுப் போராயிற்று. ஈரானும் லெபனானின் ஹிஸ்புல்லாவும், 2015 செப்டம்பர் முதல் இரஷ்ய வான்படையும் அதிபர் பக்கம் நின்றன. துருக்கியும் வளைகுடா அரசுகளும் மேலைநாடுகளும் எதிரணியின் வெவ்வேறு பிரிவுகளுக்குத் துணை புரிந்தன. போரின் முதல் பத்து ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர் என்பது ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீடு. மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

அவர்களுள் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் துருக்கியில் அடைக்கலம் புகுந்தனர். சிறிய லெபனானும் நீர்வளமற்ற ஜோர்தானும் தம் வலிமைக்கு மீறிய சுமையைத் தாங்கின. ஜோர்தானின் பாலைவனத்தில் 2012இல் அமைத்த சாத்தரி முகாம் ஒரு நகரமாகவே வளர்ந்தது. 2015இல் கடல்வழியாக ஐரோப்பாவை அடைந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகளுள் பெரும்பகுதியினர் சிரியர். அவ்வருகை ஐரோப்பிய நாடுகளின் அரசியலையே திசை திருப்பியது. சிரியாவின் சிதைவிலும் ஈராக்கின் பிளவிலும் வேரூன்றிய ஐ.எஸ். என்னும் கொடிய இயக்கம் 2014 ஜூனில் மோசுல் நகரைக் கைப்பற்றி, இரு நாடுகளின் எல்லையையும் அழித்து ஆட்சி நடத்தியது.

ஏமனில் சாலே 2011 நவம்பரில் பதவி விலக உடன்பட்டார். தண்டனையிலிருந்து விலக்கும் பெற்றார். போராட்டத்தின் முன்னணியில் நின்ற தவக்குல் கர்மான் என்னும் பெண்மணி அவ்வாண்டு நோபெல் அமைதிப் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவரானார். ஆனால் பழைய பகைகள் தீரவில்லை. 2014இல் ஹூத்தி இயக்கத்தார் தலைநகர் சனாவைக் கைப்பற்றினர். 2015 மார்ச்சில் சவூதி அரேபியாவின் தலைமையில் கூட்டணிப் படை வான்வழித் தாக்குதலைத் தொடங்கியது. 2021 இறுதிக்குள் ஏறத்தாழ 3,77,000 பேர் மாண்டிருப்பர் என்றும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் மாண்டனர் என்றும் ஐக்கிய நாட்டு வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டது. 2023 நவம்பர் முதல் அவ்வியக்கத்தார் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

பஹ்ரைனில் குடிமக்களுள் பெரும்பான்மையினர் ஷியாப் பிரிவினர். அரச குடும்பம் சுன்னிப் பிரிவைச் சார்ந்தது. 2011 மார்ச்சில் சவூதிப் படை பாலத்தைக் கடந்து நுழைந்தது. மக்கள் கூடிய முத்துச் சதுக்கத்தின் நினைவுச்சின்னத்தையே அரசு இடித்துத் தள்ளியது. நினைவை இடித்தால் கோரிக்கையும் இடியும் என்று அரசு கருதியது போலும்.

எழுச்சியின் அதிர்வு இத்திசை நாடுகளையும் எட்டாமலில்லை. எகிப்தில் பயின்று வந்த ஆயிரக்கணக்கான மலேசிய மாணவர்கள் 2011 பிப்ரவரியில் அங்கிருந்து மீட்கப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 120 டாலரைக் கடந்தது. தொலைவிலுள்ள சதுக்கத்தின் முழக்கம், இறக்குமதி எண்ணெயை நம்பிய நாடுகளின் பேருந்துக் கட்டணத்திலும் அரிசி விலையிலும் எதிரொலித்தது.

மீண்ட இருளும் மறையாத ஒளியும்

எகிப்தில் 2012 ஜூனில் நடந்த தேர்தலில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் முகம்மது மோர்சி அதிபரானார். தம்மை எதிர்த்தோரை அரவணைக்க அவர் தவறினார். 2013 ஜூலை 3இல் படை அவரை நீக்கியது. ஆகஸ்ட் 14இல் ரபா சதுக்கத்தில் அவர் ஆதரவாளர் பல நூற்றுவர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். தளபதி சிசி 2014இல் அதிபரானார். சவூதி அரேபியா, ஐக்கிய அரபுச் சிற்றரசுகள், குவைத் ஆகியவை புதிய ஆட்சிக்கு 12 பில்லியன் டாலர் உதவி அறிவித்தன. மோர்சியின் இயக்கத்திற்குத் துணை நின்ற கத்தார் நாட்டோடு அவற்றுள் முதலிரண்டும் பஹ்ரைனும் எகிப்தும் 2017 ஜூன் முதல் 2021 ஜனவரி வரை உறவைத் துண்டித்திருந்தன. எழுச்சி வளைகுடாவின் உடன்பிறப்பு நாடுகளையும் பிரித்தது.

ஆயினும் மக்கள் குரல் அடங்கிவிடவில்லை. 2018 டிசம்பரில் சூடானின் அத்பரா நகரில் ரொட்டி விலையேற்றத்தால் எழுந்த போராட்டம் 2019 ஏப்ரலில் ஒமர் அல் பஷீரின் முப்பதாண்டு ஆட்சியை வீழ்த்தியது. அதே மாதத்தில் அல்ஜீரியாவின் பூத்தபிலிக்கா பதவி விலகினார். அக்டோபரில் ஈராக்கியரும் லெபனானியரும் இனப் பிரிவு கடந்து தெருவில் நின்றனர். அதிபர் போனால் மட்டும் போதாது, படையின் ஆட்சியும் போகவேண்டும் என்று சூடானியர் கெய்ரோவின் பாடத்தைக் கற்றுச் சதுக்கத்தை விட்டு அகல மறுத்தனர். ஆனால் 2019 ஜூன் 3இல் அவர்கள்மீது படுகொலை ஏவப்பட்டது. 2021இல் படைப்புரட்சியும், 2023 ஏப்ரல் 15இல் இரு படைத் தலைவர்களுக்கிடையே போரும் மூண்டு, ஒரு கோடிக்கு மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தன.

நம்பிக்கையின் விளக்காக நின்ற துனீசியாவும் மங்கியது. புரட்சிக்குப் பின் வந்த அரசுகள் வாக்குரிமையைத் தந்தன, வேலையைத் தரவில்லை. சலிப்புற்ற மக்கள் 2019இல் கைஸ் சயீதைத் தேர்ந்தெடுத்தனர். அவர் 2021 ஜூலை 25இல் நாடாளுமன்றத்தை முடக்கி, மறுஆண்டு அதிகாரம் முழுதும் அதிபரிடம் குவியும் புதிய சட்டத்தை நிறைவேற்றினார். ரொட்டியில்லா வாக்குரிமை, வாக்குரிமையில்லா ரொட்டியைப் போலவே நிலைக்காது என்பதை அந்நாடு காட்டிற்று.

சிரியாவில் அசாத் வென்றுவிட்டார் என்றே உலகம் எண்ணியது. அரபு நாட்டுக் கழகம் 2023 மே மாதம் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2024 டிசம்பர் 8இல், பன்னிரண்டு நாள் தாக்குதலில் அவ்வாட்சி சீட்டுக்கட்டு மாளிகைபோல் சரிந்தது. அவர் மாஸ்கோவுக்கு ஓடினார். சிறைக் கதவுகள் திறந்தன. பதின்மூன்று ஆண்டுகளாகத் தேடிய மகனைக் காண வந்த தாய்மார் பலர், பெயர்ப் பதிவேடுகளை மட்டுமே கண்டு திரும்பினர்.

தீர்ப்பும் தெளிவும்

இவ்வளவு அழிவையும் கண்டபின், பழைய ஆட்சிகளே நன்று; மக்கள் எழாதிருந்தால் இத்துன்பம் வந்திராது என்று கூறுவோர் உளர். அக்கூற்று அழிவின் நாளை மட்டும் நோக்குகின்றது. அதற்கு முன் கழிந்த நாற்பது ஆண்டுகளை நோக்கவில்லை. நீதிமன்றத்தையும் சங்கத்தையும் கட்சியையும் இதழையும் அழித்தவர் ஆட்சியாளர். தாம் அகன்றால் நாடே சிதையும் என்னும் நிலையை அவர்களே உருவாக்கினர்; பின்னர் அந்நிலையையே தம் ஆட்சிக்குச் சான்றாகக் காட்டினர். தரா நகரில் சிறுவரை விடுவித்து, பெற்றோரிடம் ஒரு சொல் வருத்தம் தெரிவித்திருந்தால் சிரியாவின் வரலாறு வேறாக இருந்திருக்கக்கூடும்.

அதே வேளையில், வீழ்த்துதல் வேறு, கட்டுதல் வேறு என்பதும் மறுக்கவியலாத உண்மை. சதுக்கத்தில் இலட்சம் பேர் கூடினால் ஓர் அதிபரை அகற்றலாம். ஆனால் ஒரு பள்ளியையும் ஒரு நீதிமன்றத்தையும் ஓர் அணையையும் நடத்தப் பல்லாண்டுப் பயிற்சியும் பொறுமையும் கருத்து வேறுபட்டோரோடு ஒத்துழைக்கும் பண்பும் வேண்டும். துனீசியாவின் தொழிற்சங்கம் ஒரு காலத்தில் நாட்டைக் காத்தது அப்பயிற்சியின் வலிமையால்தான். எகிப்தின் எழுச்சி அணிகள் ஒருவரையொருவர் நம்ப மறுத்தபோது, காத்திருந்த படை உள்ளே நுழைந்தது. பிறநாட்டுத் துப்பாக்கியை நம்பியோர் அத்துப்பாக்கிக்குரியவரின் விருப்பத்துக்கு அடிமையாயினர்.

மக்களை எழச் செய்த காரணங்களோ இன்னும் தீரவில்லை. வேலையற்ற இளைஞர் இன்றும் உளர். கோதுமை இன்றும் கடல் கடந்தே வருகின்றது. கேள்வி கேட்போர் இன்றும் சிறையில் உளர். 1977இல் கெய்ரோவில் எழுந்த குரல் 2011இல் மீண்டும் எழுந்தது. சிதி பூசித்தின் தள்ளுவண்டிக்காரர் வேண்டியது ஓர் அரசின் வீழ்ச்சியை அன்று. தம் சரக்கையும், தம் முறையீட்டைக் கேட்க ஓர் அலுவலரையுமே அவர் வேண்டினார். அத்துணைச் சிறிய நீதியை மறுத்த அரசு தன்னையே இழந்தது. குடிமகனின் சிறு முறையீட்டுக்குச் செவி கொடுக்கும் ஆட்சியே நிலைத்த ஆட்சி என்பதை அராபிய நாடுகளின் கண்ணீரும் குருதியும் உலகுக்கு உணர்த்தி நிற்கின்றன.